ஊசியும் உரையாடலும்: ஐக்கிய அமெரிக்கத் தையற்கூட்டங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

பெண்கள் சிலர் ஒன்றுகூடித் தைப்பது வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். மன்னர்தம் போர்களும் உடன்படிக்கைகளுமே வரலாறு எனக் கருதப்பட்ட காலம் கடந்துவிட்டது. எனினும், வேலைநிறுத்தத்தையும் தொழிற்சங்கத்தையும் வரலாற்றின் மையத்தில் வைத்து நோக்கும் முற்போக்காளர் பலரும் தையற்கூட்டத்தை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றோ, பெண்ணடிமைத்தனத்தின் எச்சம் என்றோ கூறி ஒதுக்கிவிடுவதுண்டு. இதற்கு நேர்மாறாக, பழைமை போற்றுவோர் அதனை இல்லறத்தின் இனிமைக்கும் அயலவர் ஒற்றுமைக்கும் சான்றாகக் காட்டிப் பெருமிதங் கொள்வர். ஒன்று இகழ்ச்சி, மற்றது புகழ்ச்சி. இரண்டுமே தையற்கூட்டத்தை மாறாத ஒரு பொருளாகக் கொள்வதால், கேட்கவேண்டிய வினாவைக் கேட்கத் தவறிவிடுகின்றன.

கூடியிருந்து தைத்த பெண்கள் அதில் மகிழ்ச்சி கண்டனர் என்பதற்கு அவர்களுடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் சான்றாக உள்ளன. அம்மகிழ்ச்சி எங்கிருந்து பிறந்தது? அதே ஊசி, அதே நூல், அதே விரல்கள் வேறோரிடத்தில் கொடுந்துன்பத்தின் கருவிகளாயிருந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தையற்கூட்டங்கள் பெரிதும் துணைபுரிவன. அங்கு இத்தகைய கூட்டங்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து நிகழ்ந்துள்ளன. அவை பற்றிய எழுத்துச் சான்றுகளோடு, தைக்கப்பட்ட போர்வைகளும் அரும்பொருட்காட்சியகங்களிற் பேணப்பட்டு வருகின்றன.

1

'குயில்ற்' எனப்படும் ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளைக் கொண்டது. பல நிறத் துணித்துண்டுகளை இணைத்து அமைக்கப்படும் மேற்றுணி, இடையில் வைக்கப்படும் பஞ்சு, அடித்துணி என்பனவே அவை. மேற்றுணியை ஒருத்தி தன் வீட்டில் தனித்திருந்தே மாதக்கணக்கில் தைத்து முடிக்கலாம். ஆனால், மூன்று அடுக்குகளையும் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக்கட்டி, அவை பிரியாதவாறு முழுப்பரப்பிலும் நெருக்கமாகத் தையலிடுவது ஒருவர் கையால் விரைவில் முடியக்கூடிய காரியமன்று. சட்டத்தின் நான்கு பக்கமும் எட்டுப் பத்துப் பேர் அமர்ந்தால் ஒருநாளில் அது முடிந்துவிடும். ஆகவே, அயலிலுள்ள பெண்கள் ஒருத்தியின் வீட்டிற் கூடினர். அடுத்த முறை மற்றொருத்தியின் வீட்டிற் கூடினர். களஞ்சியம் கட்டுதல், சோளம் உரித்தல் போன்ற வேலைகளில் அக்காலக் கமக்காரர் ஒருவர்க்கொருவர் உழைப்பை மாற்றிக்கொண்ட முறையின் ஒரு கூறே இதுவாகும். கூலி என்பது இங்கு இல்லை. வேலை முடிந்தபின் விருந்தும், மாலையில் ஆண்களும் வந்து சேர ஆடல்பாடலும் நடைபெற்றன.

எனினும், இதனை முதலாளித்துவத்துக்கு முற்பட்ட ஒரு பொற்காலத்தின் எச்சம் எனக் கொள்வது பொருந்தாது. துணித்துண்டுகளை ஒட்டிப் போர்வை தைக்கும் வழக்கம் பரவலானது, ஆலைகளில் நெய்யப்பட்ட மலிவான அச்சுப் பருத்தித்துணி பெருகிய பின்னரேயாகும். வீட்டில் நூல் நூற்றுத் துணி நெய்த காலத்தில் எண்ணற்ற நிறங்களில் துண்டுகள் கிடைத்திருக்க வழியில்லை. அந்தப் பருத்தி எங்கிருந்து வந்தது? எலி விற்னி பஞ்சினின்றும் வித்தைப் பிரிக்கும் பொறியை 1793இல் அமைத்தபின், தென்மாநிலங்களில் பருத்திச் செய்கை பெருகியது. 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 40 இலட்சத்தை அண்மித்தது. அயலவரின் அன்புக்கு அடையாளமாகப் போற்றப்பட்ட போர்வையின் ஒவ்வொரு துண்டிலும் அடிமையின் உழைப்பும் ஆலைத் தொழிலாளியின் உழைப்பும் உறைந்திருந்தன. இம்முரண்பாட்டை அக்காலப் பெண்களுள் ஒரு சாரார் தாமே உணர்ந்துகொண்டனர் என்பதே தையற்கூட்டத்தின் வரலாற்றைச் சுவையுடையதாக்குகிறது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தையற்கூட்டம் வீட்டினின்றும் திருச்சபைக்குச் சென்றது. நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊர்தோறும் பெண்களின் தையற்சங்கங்கள் தோன்றின. அவற்றின் உறுப்பினர் தைத்த பொருள்களை விற்றுப் பெற்ற பணம் ஏழைகளின் உதவிக்கும், வறிய இளைஞர் மதகுருக் கல்வி பெறுவதற்கும், வெளிநாட்டு மிஷன்களுக்கும் அனுப்பப்பட்டது. இவ்விடத்தில் நமது மண்ணும் இவ்வரலாற்றோடு தொடர்புறுகிறது. 1816இல் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், அந்நாட்டுச் சிற்றூர்களிற் சிறுகச்சிறுகத் திரட்டப்பட்ட நன்கொடைகளிலேயே பெரிதும் தங்கியிருந்தது. மிஷன் பாடசாலைகளிற் பயின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டமை யாவரும் அறிந்ததே. 1824இல் உடுவிலில் நிறுவப்பட்ட பெண்கள் விடுதிப்பாடசாலையில் வாசிப்புடனும் எழுத்துடனும் தையலும் கற்பிக்கப்பட்டது. அடக்கமும் ஒழுங்கும் உள்ள கிறித்தவ மனைவியரை உருவாக்குவதற்குரிய பயிற்சியாகவே அது கருதப்பட்டது. நியூ இங்கிலாந்தின் தையற்சங்கமும் உடுவிலின் தையல் வகுப்பும் ஒரே கருத்தியலின் இரு முனைகள் எனலாம்.

ஆயினும், ஒரு நிறுவனம் எந்நோக்கத்துக்காக அமைக்கப்படுகிறதோ அந்நோக்கத்தை மட்டும் அது நிறைவேற்றுவதில்லை. மாசசூசெற்ஸ் மாநிலத்து மேற்கு புறூக்பீல்ட் என்னும் ஊரில் 1830களில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை உணர்த்தும். ஆசிரியையாக மிகக் குறைந்த சம்பளத்தில் உழைத்துக்கொண்டிருந்த லூசி ஸ்ரோன் (1818-1893), அவ்வூர்த் திருச்சபையின் தையற்கூட்டத்தில் இறையியல் மாணவன் ஒருவனுக்குரிய சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கூட்டத்திற்கு வந்த மேரி லயன், பெண்களுக்கென உயர்கல்வி நிலையம் ஒன்றை அமைக்கவேண்டியதன் அவசியத்தை எடுத்துரைத்தார். 1837இல் தோன்றிய மவுண்ட் ஹோலியோக் நிறுவனத்தின் முன்னோடி முயற்சி அது. அவர் பேசுவதைக் கேட்கக்கேட்க லூசியின் மனத்தில் ஓர் எண்ணம் தோன்றிற்று. தன்னிலும் பன்மடங்கு கூலி பெறக்கூடிய ஓர் ஆண்மகனின் படிப்புக்காகத் தான் ஏன் தைக்கவேண்டும்? சட்டையை முடிக்காமலே அவர் எழுந்துவிட்டார். வேறெவரும் அதனை முடிக்கலாகாதென்று விரும்பினார் எனவும் அவர் வரலாற்றை எழுதிய மகள் குறிப்பிடுகிறார். பின்னர் ஓபர்லின் கல்லூரியிற் பயின்று 1847இல் பட்டம் பெற்ற லூசி ஸ்ரோன், அடிமையொழிப்பு இயக்கத்தினதும் பெண்ணுரிமை இயக்கத்தினதும் தலைசிறந்த பேச்சாளராக விளங்கினார்.

இந்நிகழ்ச்சியில் மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. லூசி ஸ்ரோன் தையலை வெறுத்தவரல்லர். தனது உழைப்பின் பயன் யாரைச் சென்றடைகிறது என்னும் வினாவே அவரை எழச்செய்தது. அவ்வினா எழுந்த இடமும் தையற்கூட்டமே. பெண்கள் பொதுமேடையிற் பேசுவது இழுக்கெனக் கருதப்பட்ட அந்நாளில், நாட்டு நடப்பைப் பற்றி ஒரு பெண் பேசவும் பிற பெண்கள் கேட்கவும் வாய்ப்பளித்த இடங்கள் வேறு அதிகமில்லை.

3

அடிமையொழிப்பு இயக்கம் இவ்விடத்தை நன்கு பயன்படுத்திக்கொண்டது. மாசசூசெற்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் 1832இல் கறுப்பினப் பெண்கள் தமக்கென ஓர் அடிமையொழிப்புச் சங்கத்தை அமைத்தனர். 1833இல் பொஸ்ரன், பிலடெல்பியா ஆகிய நகரங்களிற் பெண்கள் சங்கங்கள் தோன்றின. பிலடெல்பியாச் சங்கத்தில் லுக்ரீசியா மொற் போன்ற வெள்ளையரோடு, போர்ட்டன் குடும்பத்துக் கறுப்பினப் பெண்களும் தொடக்கத்திலிருந்தே உறுப்பினராயிருந்தனர். 1834 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் பொஸ்ரன் பெண்கள் ஆண்டுதோறும் சந்தை ஒன்றை நடத்தினர். மரியா வெஸ்ரன் சப்மன் இதில் முன்னின்று உழைத்தவர். ஆண்டு முழுவதும் சிறு சிறு கூட்டங்களாக இருந்து தைத்த ஊசிக்கூடுகள், பேனாத் துடைப்பான்கள், பைகள், போர்வைகள் முதலியன அங்கு விற்கப்பட்டன. அவற்றில் அடிமைமுறையைக் கண்டிக்கும் வாசகங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஊசி குத்துவதையும் மனச்சாட்சி குத்துவதையும் இணைத்துச் சிலேடையாய் அமைந்தனவும் அவற்றுள் உண்டு. 1836ஆம் ஆண்டுச் சந்தைக்கெனத் தைக்கப்பட்ட தொட்டிற் போர்வை ஒன்று இன்றும் எஞ்சியுள்ளது. நட்சத்திர வடிவில் அமைந்த அதன் நடுவே, தன் குழந்தையை உறங்கவைக்கும் தாய், விற்பனைக்காகப் பிள்ளை பறிக்கப்பட்ட அடிமைத் தாயை நினைக்கவேண்டும் என்னும் கருத்துடைய செய்யுள் மையினால் எழுதப்பட்டுள்ளது.

இக்கூட்டங்களில் ஒருத்தி இயக்கத்தின் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றையோர் தைத்துக்கொண்டே கேட்டனர், வாசித்தவற்றைப் பற்றி விவாதித்தனர், விண்ணப்பங்களிற் கையொப்பமிட்டனர். அவ்விண்ணப்பங்கள் பெருகியமை காரணமாகவே, அடிமைமுறை பற்றிய விண்ணப்பங்களை விவாதத்துக்கு எடுப்பதில்லையென அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை 1836இல் தீர்மானித்தது. 1844 வரை அத்தடை நீடித்தது. பிலடெல்பியாப் பெண்களுட் பலர் அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியைத் தவிர்த்துப் பிற துணிகளை நாடினர் என்பதும் குறிப்பிடத்தக்கது. துணியில் உறைந்திருந்த உழைப்பை அவர்கள் கண்டுகொண்டனர்.

ஆளும் வர்க்கமும் இக்கூட்டங்களை விளையாட்டாகக் கருதவில்லை. 1835 ஒக்ரோபர் 21ஆந் திகதி பொஸ்ரன் பெண்கள் சங்கக் கூட்டத்தை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. 'கனவான்கள்' எனத்தக்க வணிகர் பலர் அக்கும்பலில் இருந்தனர். கறுப்பினப் பெண்ணும் வெள்ளைப் பெண்ணும் கைகோத்தவராய், இருவர் இருவராக அக்கும்பலினூடே நடந்து வெளியேறினர். அன்று வில்லியம் லொயிட் கரிசன் தெருவில் இழுத்துச் செல்லப்பட்டார். 1838 மே 17ஆந் திகதி பிலடெல்பியாவில், திறக்கப்பட்டு மூன்றே நாளான பென்சில்வேனியா மண்டபம், பெண்களின் மாநாடு நடைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில் தீக்கிரையாக்கப்பட்டது. அடுத்த ஆண்டுச் சந்தைக்கான தையல் அதனால் நின்றுவிடவில்லை.

4

அடிமைகளாயிருந்த பெண்களும் தைத்தனர். பகல் முழுவதும் வயலில் உழைத்தபின், இரவில் எசமானியின் வீட்டுத் துணிகளைத் தைப்பது அவர்களுட் பலருக்கு விதிக்கப்பட்ட வேலையாகும். அதற்கு மேலாக, தமது பிள்ளைகள் குளிரில் வாடாதிருக்கக் கிழிந்த துணிகளைக் கொண்டு தமக்கென்றும் போர்வை தைத்தனர். 1936-38 காலப்பகுதியில், முன்னர் அடிமைகளாயிருந்த முதியோரின் நினைவுகள் அரசாங்கத் திட்டமொன்றின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்டன. அவர்களுட் பலர் இரவுநேரப் போர்வைத் தையற்கூட்டங்களைத் தமது வாழ்வின் அருமையான மகிழ்ச்சிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளனர். எசமானுக்காகத் தைத்த அதே கைகள் தமக்காகத் தைத்தபோது மகிழ்ந்தன என்பது நமது வினாவுக்கு நேரடியான விடையன்றோ?

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டும் இரகசியக் குறிகள் போர்வைகளிற் பொறிக்கப்பட்டிருந்தன என்றதொரு கதை, 1999இல் வெளிவந்த நூலொன்றின்பின் மிகவும் பரவியது. அதற்குச் சமகாலச் சான்று எதுவுமில்லையென வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். ஒடுக்கப்பட்டோரின் வீரத்தை நிலைநாட்டப் புனைகதை தேவையில்லை. மெய்யான சான்றுகளே போதுமானவை. அடிமையாகப் பிறந்த எலிசபெத் கெக்லி, தையற்றொழிலில் தேர்ந்து, அத்தொழிலில் அவர்மீது நம்பிக்கை வைத்தோர் கடனாக அளித்த 1,200 டொலரைக் கொண்டு 1855இல் தன்னையும் தன் மகனையும் மீட்டுக்கொண்டார். ஜோர்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹரியற் பவேர்ஸ், விவிலியக் கதைகளைத் துணியில் வடித்த போர்வையை 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். அதனை விலைக்குக் கேட்டபோது அவர் மறுத்தார். சில ஆண்டுகளின் பின் வறுமை காரணமாக, 10 டொலர் கேட்டு 5 டொலருக்கு விற்றார். விற்ற பின்னரும் அதனைக் காண்பதற்காகப் பலமுறை வந்து சென்றார். அப்போர்வை இன்று வோஷிங்ரனில் சிமித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. உழைப்பாளி தன் படைப்பினின்றும் அந்நியமாதல் என்று நாம் நூல்களிற் படிப்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது.

5

கூலிக்குத் தைத்தோரின் நிலையையும் இவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். 'மூலதனம்' முதலாம் தொகுதியில் மார்க்ஸ் எடுத்துக்காட்டும் மேரி ஆன் வோக்லி இருபது வயதுத் தையற்காரி. 1863 ஜூனில், இலண்டன் நகரில் பிரபுகுல மாதரின் நடன ஆடைகளை முடிப்பதற்காக வேறு அறுபது பெண்களுடன் 26½ மணித்தியாலம் இடைவிடாது தைத்தபின் நோயுற்று இறந்தாள். அவர்களும் கூடியிருந்தே தைத்தனர். ஓர் அறையில் முப்பது பேர் அடைக்கப்பட்டிருந்தனர். 'கூடியிருத்தல்' தன்னளவில் மகிழ்ச்சி தருவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதேவேளை, வீட்டில் தனித்திருந்து தைத்தோரும் விடுதலை பெற்றவரல்லர். 1848 ஜூலையில் செனெக்கா போல்ஸ் நகரில் நடைபெற்ற முதற் பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்திற் கையொப்பமிட்ட சாளற் வூட்வேட் என்னும் இளம்பெண், வீட்டிலிருந்து கையுறை தைத்துக் கூலி பெற்றவர். அக்கூலியும் அவருக்கு உரித்தானதாயிருக்கவில்லை. 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது அக்கையொப்பக்காரருள் உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே.

தனித்திருந்து தைக்கும் பெண்ணின் அவலத்தை இலக்கியமாக்கியவர் சூசன் கிளாஸ்பெல். அவருடைய 'அற்ப விடயங்கள்' என்னும் ஓரங்க நாடகம் 1916இல் அரங்கேறியது. கொலையுண்ட கமக்காரனின் வீட்டில் அதிகாரிகள் துப்புத் தேடுகின்றனர். பெண்கள் இருவர் சமையலறையில் உள்ள போர்வைத் துண்டுகளைப் பார்த்து அவை எவ்வாறு தைக்கப்படவிருந்தன எனப் பேசிக்கொள்வதைக் கேட்டு அவர்கள் நகைக்கின்றனர். ஆனால், ஒழுங்காக வந்த தையல் ஓரிடத்தில் திடீரெனக் கோணுவதைக் கண்டு, அவ்வீட்டு மனைவியின் மனம் உடைந்த கணத்தை வாசித்தறிபவர்கள் அப்பெண்களே. அயலில் வாழ்ந்தும் அவளைச் சென்று காணாதிருந்தோமே என்ற குற்றவுணர்வும் அவர்களை வாட்டுகிறது. தையற்கூட்டம் இல்லாமற்போன ஒரு வாழ்வின் வெறுமையே அந்நாடகத்தின் உள்ளுறை எனக் கொள்ளலாம்.

6

இருபதாம் நூற்றாண்டில் இவ்விழைகள் யாவும் ஒன்றுசேர்ந்த இடம் அலபாமா மாநிலத்து வில்கொக்ஸ் மாவட்டம். கறுப்பினத்தவர் பெரும்பான்மையினராக வாழ்ந்த அம்மாவட்டத்தில் 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர்தானும் வாக்காளராகப் பதிவுபெற்றிருக்கவில்லை. பதிவுசெய்ய முயன்ற குத்தகைக் கமக்காரர் தாம் குடியிருந்த காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் அங்கு சென்ற பிரான்சிஸ் வோல்ரர் என்னும் குரு, கொடியிற் காய்ந்த போர்வைகளைக் கண்டு, அவற்றை வாங்கி நியூ யோர்க்கில் ஏலத்தில் விற்பதற்கு ஒழுங்குசெய்தார். 1966இல் அப்பெண்கள் 'விடுதலைப் போர்வைத் தையற்கூட்டம்' என்ற கூட்டுறவை நிறுவினர். எஸ்ரெல் விதஸ்பூன் அதன் முகாமையாளராயிருந்தார். ஈட்டிய பணத்தில் 23 ஏக்கர் நிலம் வாங்கி, வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அதிற் காணி விற்றனர்; 1969இல் தமக்கெனத் தையல் நிலையமும் கட்டினர்.

இக்கூட்டுறவின் வெற்றி ஒரு முரண்பாட்டையும் தோற்றுவித்தது. நகரப் பெருங்கடைகள் ஒரே அளவும் ஒரே கோலமும் உடைய பொருள்களையே வேண்டின. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி தடித்த வரித்துணியில் தலையணையுறைகள் தைக்கப்பட்டன. ஒழுங்கான வருமானம் கிடைத்தது. ஆனால், தைப்பவளின் மனம்போனபடி துண்டுகளை அமைக்கும் சுதந்திரத்துக்கு அவ்வுறைகளில் இடமிருக்கவில்லை. அவ்வயலைச் சேர்ந்த ஜீஸ் பெண்ட் ஊரிற் பெண்கள் தம் வீடுகளுக்கெனப் பழைய வேலையுடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளே 2002இல் ஹியூஸ்ரனிலும் நியூ யோர்க்கிலும் கலைக்கூடங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டு, உலகப் புகழ் பெற்றன. சந்தைக்கென்றன்றித் தமக்கெனத் தைத்தவற்றிற் கலை செழித்தது என்பது தற்செயலன்று. கூட்டுறவு 2012இற் கலைக்கப்பட்டது.

1971இல் நியூ யோர்க் விற்னி கலைக்கூடம் போர்வைகளை ஓவியங்கள்போற் சுவரில் தொங்கவிட்டபோது, தைத்தவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பெற்றீசியா மைனார்டி 1973இல் எழுதிய கட்டுரையில் இப்போக்கைக் கடிந்துரைத்தார். கலைப்பொருள் போற்றப்பட்டு உழைத்தவள் மறைக்கப்படுதல் என்பது நமது கோயிற் சிற்பங்களுக்கும் பனையோலைப் பின்னல்களுக்கும் பொருந்துவதே.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவுக்கு வரலாம். தையற்கூட்டத்தின் மகிழ்ச்சி பெண்ணியல்பினின்றும் ஊற்றெடுப்பதன்று. நேரம், துணி, பேச்சு, பயன் ஆகிய நான்கும் எந்த அளவுக்குக் கூடியிருப்போர்க்கே உரியனவாகின்றனவோ அந்த அளவுக்கே அது மகிழ்ச்சியாகிறது. அடிமைப் பெண்ணின் இரவுப் போர்வைக்கும் பொஸ்ரன் சந்தைக்கும் இந்நான்கும் குறைந்தும் கூடியும் இருந்தன. மேரி ஆன் வோக்லிக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

இன்று பல நாடுகளில், நம்நாட்டு நகரங்களிலும், கைவினை வகுப்புகளுக்கும் பூத்தையற் சந்திப்புகளுக்கும் நண்பர்கள் கூடிச் செல்வதைக் காண்கிறோம். கட்டணம் செலுத்திப் பெறும் ஓய்வு எனவும், நூலும் துணியும் விற்கும் வணிகரின் உபாயம் எனவும் அதனைக் கூறிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும், பகல் முழுவதும் பிறருக்கு உழைத்த கைகள் மாலையில் தாம் விரும்பிய ஒன்றை, தாம் விரும்பியவரோடு இருந்து செய்ய நாடுவதில், உழைப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்பது பற்றிய ஓர் எண்ணம் உறைந்துள்ளது. முற்போக்காளர் அதனை எள்ளி நகையாடுவதில் பயனில்லை. அவ்வறையில் என்ன பேசப்படுகிறது, யாருக்கு அங்கு இடமில்லை, அவர்கள் தைக்கும் துணியைத் தைத்தும் நெய்தும் அனுப்பிய ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணுக்கு அத்தகைய மாலைப்பொழுது எப்போது வாய்க்கும் என்பவையே நாம் எழுப்பவேண்டிய வினாக்கள். பிலடெல்பியாப் பெண்கள் தமது துணியைக் குறித்து அவ்வினாவை எழுப்பினர். அன்றுதான் அவர்களுடைய தையற்கூட்டம் வரலாற்றுக்குள் நுழைந்தது.